நோன்பு திறக்கும் நேரம்

தம்பி,

நேற்று நீ திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பஸ் ஸ்டாண்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று கத்தினாயே, அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத எனக்குத் தைரியம் வந்தது. என்ன கத்தினாய் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன். மற்றவர்கள் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. பிள்ளையை வெளியூர்க் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, "எம்புள்ள தங்கம், ஒண்ணுமே கேக்கமாட்டான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும் அம்மாக்களும் இதைப் படிக்கட்டும். நான் அந்தப் பெருமையைப் பட்டவள். போனில் இதையெல்லாம் பேச முடியாது. நான் "சாப்ட்டியா" என்பேன், நீ "ம்" என்பாய், அதோடு முடிந்துவிடும். வயதான அம்மா சொல்லும் புத்திமதி என்றும் நினைத்துவிடாதே. பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு எனக்குக் கல்யாணம் பண்ணிவைத்தார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. புத்திமதி சொல்லும் அளவுக்குப் பொறுமை வரவில்லை. கோபம் நிறைய இருக்கிறது, அதிலிருந்துதான் எழுதுகிறேன்.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை செய்யும் ஜவுளிக்கடையை நீ வெளியே நின்றுதான் பார்த்திருக்கிறாய். உள்ளே வெள்ளிக்கிழமை காலையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். ஷட்டரைப் பாதி தூக்கியிருக்கும்போதே எங்களையெல்லாம் கீழ்த்தளத்தில் வரிசையாக நிற்க வைப்பார்கள். கற்பூரம் காட்டி முடித்ததும் முதலாளி பேசுவார். ஏதோ ஓர் ஆசிரமத்துக்குப் போய்வந்ததிலிருந்து அவருக்கு இந்தப் பழக்கம். எல்லாத் துன்பத்துக்கும் ஆசைதான் வேர், இருப்பதை நினைத்து நிறைவாக இருங்கள், அடுத்தவர் தட்டைப் பார்க்காதீர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு நல்ல குரலில் சொல்வார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார், நாங்கள் நின்று கேட்போம். பேச்சு முடிந்ததும் நான் மாடியில் புடவை செக்ஷனுக்குப் போவேன். அங்கே என் வேலை என்ன? வருகிறவர்களுக்கு ஆசை காட்டுவதுதான். ஜாக்கெட் பிட் எடுக்க வந்தவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, தோளில் ஒரு பட்டுப்புடவையைப் போட்டு, "அக்கா, இந்தக் கலரு ஒங்களுக்குன்னே நெய்ஞ்ச மாரி இருக்குது பாருங்க" என்று சொல்வது. காலையில் ஆசையை விடச் சொல்லிக் கேட்டுவிட்டு, இருட்டும்வரை ஆசையை விற்கிறோம். விற்பனை குறைந்தால் அதே முதலாளி, "இன்னாம்மா இன்னிக்கு இவ்ளோ கம்மியா இருக்குது?" என்று கேட்பார். அவருடைய ஆசைக்கு மட்டும் வேர் கிடையாது போல.

உட்காரும் விஷயமும் உனக்கு முழுசாகத் தெரியாது. கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, எங்கள் மாடிக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. வந்த வாரமே அவற்றின்மேல் புடவைக் கட்டுகளை அடுக்கிவிட்டார்கள். அதிகாரி யாராவது வந்தால் கட்டு இறங்கும், அவர் போனதும் ஏறிவிடும். ஸ்டூலில் புடவை உட்கார்ந்திருக்கும், நாங்கள் நிற்போம். என் காலில் நரம்பு புடைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "இன்னாம்மா இது, வேரு மாரி?" என்று ஒருமுறை கேட்டாயே, அது இப்படி வந்ததுதான்.

என் பக்கத்துக் கவுன்டரில் நூர்ஜகான் இருக்கிறாள், உனக்குத் தெரியும். அவள் அண்ணன் கடைவீதியில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். வாய் சும்மா இருக்காது அவளுக்கு. போன ரம்ஜான் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பேச்சு முடிந்து படி ஏறும்போது சொன்னாள்: "யக்கா, நானுந்தான் நோன்பு வெக்கறேன். தண்ணிகூட இல்லாம நிக்கறேன். ஆனா சாயங்காலம் பள்ளிவாசல்ல பாங்கு சொன்னா கஞ்சி வந்துடும். பணக்காரன் வூட்லயும் அதே நேரம், எங்க வூட்லயும் அதே நேரம். இந்தாளு வெக்கச் சொல்ற நோன்புக்குத் தொறக்கற நேரமே இல்லியே, இது இன்னா நோன்பு?" நான் சிரித்தேன். சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். மறந்திருக்கக் கூடாது.

ஆசையை விடுவது பொய் என்று நான் சொல்லவில்லை தம்பி. உண்மையாக விட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒருநாள் நம் கல்வராயன் மலையிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வேன் பிடித்து வந்தது. பெண்ணுக்கு எடுத்து முடித்த பிறகு, பெண்ணின் அம்மா ஒரு மாம்பழக் கலர் பட்டுப்புடவையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விடுவேனா, விரித்துவிட்டேன். கையால் தடவினாள், முகத்தில் வைத்துப் பார்த்தாள், கண்ணாடியில் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டாள். பிறகு தானே அழகாக மடித்து என் கையில் கொடுத்து, "போதும் தாயி. இதக் கட்டிக்கினு களையெடுக்கப் போனா, காட்டுல குருவிகூட நம்பாது" என்றாள். கூட வந்த பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான். அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை. வேண்டும் என்று நினைத்து, தொட்டுப் பார்த்து, வேண்டாம் என்று அவளே முடிவு செய்தாள். ஆசையை விடுவது என்றால் அதுதான் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்திருந்தும் உன் விஷயத்தில் கோட்டை விட்டேன்.

நீ ஒரகடம் பக்கம் அந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் போன் பண்ணினால் வைக்கவே மாட்டாய். பர்மனென்ட் ஆக்குவார்களா, பைக் எடுக்கலாமா, உன்னோடு ஐடிஐ படித்தவன் எங்கே சேர்ந்திருக்கிறான், எல்லாம் சொல்வாய். பிறகு பேச்சு மாறியது. "எம்மா, பாத்ரூம் போவணும்னாகூட சூப்பர்வைசர்கிட்ட கை தூக்கணும்மா. ரெண்டு வாட்டி போனா மூணாவது வாட்டி மொறைக்கறான்." "எம்மா, பர்மனென்ட் பண்ண மாட்டாங்களாம். காண்ட்ராக்ட் முடிச்சிட்டு மறுபடி புதுசா எடுத்துக்கற மாரி எடுப்பாங்களாம்." இதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அவன் யாரு மொறைக்கறதுக்கு?" என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்கு ஞாபகம் இருக்கும். "ஆசப்பட்டாதான் தம்பி கஷ்டம். இருக்கறது போதும்னு நெனச்சிக்கோ, மனசு லேசாயிடும்" என்றேன். வெள்ளிக்கிழமை காதில் விழுந்ததைச் சனிக்கிழமை உன் காதில் போட்டேன். முதலாளி எனக்குச் சொன்னார், நான் உனக்குச் சொன்னேன், உனக்குக் கீழே சொல்ல ஆள் இல்லை. எனக்குச் சொன்னவருக்கு ஒரு லாபமாவது இருந்தது. நான் லாபமே இல்லாமல் சொன்னேன். அன்பு என்று நினைத்துச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் நீ குறை சொல்வதை நிறுத்திவிட்டாய். பைக் பேச்சு போனது. தீபாவளிக்கு என்ன எடுக்கட்டும் என்று கேட்டால், "எதுவும் வேணாம்மா" என்றாய். பிள்ளைக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். நூர்ஜகான் மட்டும் புடவை மடிப்பதை நிறுத்திவிட்டு, "சாப்பாட்டுக்கு இன்னா வேணும்னு கேட்டா இன்னா சொல்றான்?" என்றாள். "எதுனா போதுங்கறான்" என்றேன். "இருபது வயசுப் புள்ளையா? எங்கண்ணன் மவன் பிரியாணில லெக் பீஸ் இல்லன்னா வூட்டையே ரெண்டாக்கறான் யக்கா" என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு புது சாமை படைக்கும் நாளுக்கு நீ வந்தாய். இந்தக் கடிதத்தைப் படிக்கும் வெளியாட்களுக்கு அதைச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலையில் எங்கள் ஊரில், புதிதாக அறுத்த சாமையைச் சாமிக்குப் படைக்கும்வரை யாரும் வாயில் வைக்க மாட்டோம். களத்தில் குவிந்து கிடக்கும், வாசனை மூக்கைத் துளைக்கும், வீட்டில் பழைய தானியம் தீர்ந்திருக்கும், ஆனாலும் காத்திருப்போம். ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டிலும் அடுப்பில் புது சாமை ஏறாது. படைத்த பிறகு எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வருஷம், படையலுக்கு வைத்திருந்த சோற்றில் கைவிட்டு வாயில் போட்டுக்கொண்டாய். கன்னம் இரண்டும் உப்பியிருக்க மாட்டிக்கொண்டாய். நான் பயத்தில் உன்னை அடிக்க ஓங்கினேன். ஊர்க்கவுண்டர் தடுத்து, "வுடும்மா, சாமிக்கு முந்தி இவனுக்குப் பசிச்சிருக்குது. வேற பொங்கு" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷம் மொத்த ஊரும் உன்னால் மறுபடி பொங்கி இறக்கும்வரை காத்திருந்தது. ஒருத்தரும் கோபப்படவில்லை. எத்தனை வருஷம் அதைச் சொல்லி உன்னைக் கேலி செய்தார்கள்!

இந்த வருஷம் நீ வரிசையில் உட்கார்ந்தாய். இலையில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வைத்தார்கள். பக்கத்தில் உன் அப்பா இரண்டாம் முறை வாங்கிவிட்டார். உன் கை இலைமேல் வரவே இல்லை. பழைய கேலியை யாரோ ஆரம்பித்து, "இன்னாடா, சாமிக்கே போட்டியா வந்தவன் நீ, இன்னிக்கு இப்பிடி குந்திகினுகீற?" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். நீயும் உதட்டை விரித்தாய். குனிந்து உன்னிடம் கேட்டேன். "எதுமேலயும் ஆசயில்லம்மா" என்றாய். எத்தனையோ வாரமாக நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. இப்போதுதான் அதை உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அந்த மாம்பழக் கலர் புடவையை மடித்துக் கொடுத்தவளின் முகம் நினைவுக்கு வந்தது. உன் முகம் அப்படி இல்லை. நீ எதையும் மடித்து வைக்கவில்லை. உன்னிடமிருந்து பிடுங்கியிருந்தார்கள். அன்றைக்கு எனக்கு ஒரு பயம் வந்தது, அதன் பெயரை நான் இன்றுவரை வாய்விட்டுச் சொல்லவில்லை. கம்பெனிக்குத் திரும்பிப் போகவேண்டாம் என்றேன். "சரிம்மா" என்றாய். போ என்றிருந்தாலும் அதே "சரிம்மா"தான் சொல்லியிருப்பாய். அதுதான் பயத்தைக் கூட்டியது.

கடை வேலைக்காக நான் தங்கியிருக்கும் வடக்கனந்தல் வாடகை வீட்டுக்கு உன்னைக் கூட்டிவந்தேன். நீ தூங்கினாய், எழுந்தாய், சுவரைப் பார்த்தாய். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனபோதும் மறுக்கவில்லை. அவர் உன்னிடம் தனியாக நிறைய நேரம் பேசினார். மாத்திரை கொடுத்தார். வெளியே வந்து என்னிடம், "ஆசை இல்லாம இருக்கறது வேற, ஓய்ஞ்சி போறது வேறம்மா. நல்லாயிடுவான், அடிக்கடி கூட்டிக்கினு வாங்க" என்றார். சாமியாரிடம் கூட்டிப்போ, மந்திரித்துவிடு என்று சொன்னவர்கள் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காமல் இருந்தது மட்டும் நான் சரியாகச் செய்த காரியம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமையும் வரிசையில் நின்றேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். ஆசையை விட்டவனுக்கு எந்தக் குறையும் இல்லை என்றார். எனக்கு உன் இலைதான் கண்முன் வந்தது. அவர் முடித்துவிட்டு வழக்கம்போல, "யாருக்காவது எதுனா சந்தேகமாம்மா?" என்று கேட்டார். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்து கேட்கும் கேள்வி அது. நான் கேட்டேன். "மொதலாளி, நோன்பு எப்ப தொறக்கறது?"

அவருக்குப் புரியவில்லை. "ரம்ஜான் எப்பவோ முடிஞ்சிபோச்சேம்மா" என்றார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. "அது இல்லைங்க. நூரு நோன்பு வெச்சா சாயங்காலம் தொறக்கறா. எங்கூர்ல சாமை படைக்கறவரைக்கும் வாயக் கட்டறோம், கவுண்டரும் கட்றாரு, அப்பறம் எல்லாருமா சாப்பிடறோம். இங்க நாங்க மட்டும் கட்டிக்கினு நிக்கறோம். எப்ப தொறக்கறதுன்னு நீங்க சொல்லவே இல்லியே?" என்றேன். அன்றோடு வேலை போய்விடும் என்றே நினைத்தேன். அவர் முகம் சிவந்தது. "ஒனக்கு இன்னாதாம்மா வேணும் இப்போ?" என்றார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. "உக்காரணும்ங்க" என்றேன். "மாடில ஸ்டூலு இருக்குது. அதுமேல புடவை குந்திகினு இருக்குது."

"உக்காந்தா கஸ்டமர் வந்ததும் எழுந்துக்க சோம்பல் வரும்மா. ஒடம்பு சொகத்துக்கு ஆசப்பட ஆரம்பிச்சா முடிவே இருக்காது" என்று அவர் திரும்பவும் பிரசங்கத்துக்குப் போனார். அதற்குள் நூர்ஜகான் மேலே போய்விட்டாள். நாங்கள் ஏறிப் பார்த்தபோது கட்டுகளையெல்லாம் கீழே இறக்கி வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "யக்கா, வாங்க. சொகம்னா இன்னான்னு பாத்துட்டு வுட்டுடலாம்" என்றாள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தோம். முதலாளி படியேறி வந்து பார்த்தார். எல்லோரையும் வேலையைவிட்டு அனுப்ப முடியாது, கல்யாண சீசன். "கஸ்டமர் இருக்கறப்போ எழுந்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டார். அவ்வளவுதான். அவர் திருந்திவிட்டார் என்று கதை கட்ட மாட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் பேசினார், கோபத்தைப் பற்றி. சந்தேகம் இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாய். காதில் விழுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. ஸ்டூலில் புடவை குந்தியிருக்கிறது என்று சொன்ன இடத்தில் உன் முதுகு குலுங்கியது. அழுகிறாய் என்று பதறிப்போய்த் திருப்பினேன். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். "நீயாம்மா கேட்ட? அந்த ஆளுகிட்ட?" என்றாய். "நானேதாண்டா." "உக்காந்தியா?" "உக்காந்தன்." "எப்பிடி இருந்திச்சி?" உனக்கு நான் சொன்ன பதில், "சொகமா இருந்திச்சிடா, எழுந்துக்கவே மனசில்ல." நீ எழுந்து உட்கார்ந்து என் காலைப் பார்த்தாய். பிறகு, "எம்மா, ஊர்லேர்ந்து சாமை கொண்டாந்தியா? கொஞ்சம் வடியேன்" என்றாய். முகத்தைக் காட்டாமல் அடுப்படிக்குப் போனேன். சாமையைக் களைந்துகொண்டே நின்றேன், எத்தனை தண்ணீர் மாற்றினேன் என்று தெரியாது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுநாளே மறுபடியும் படுத்தாய். ஆனாலும் நடுநடுவே ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாய். குழம்பில் காரம் போதவில்லை என்றாய். தலையணை சரியில்லை என்றாய். பக்கத்து வீட்டு மோட்டார் ஓடாமல் கிடந்தபோது அதைக் கழற்றிப் பார்த்தே தீருவேன் என்று அவர்களோடு சண்டை போட்டாய். பிறகு ஒருநாள், திருக்கோவிலூரில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள், சம்பளம் கம்மிதான், ஆனால் அந்த வேலையை முழுசாகக் கற்றுக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது என்றாய். "வேணும்போல இருக்குதும்மா" என்று நீ சொன்னதை நான் உனக்குத் தெரியாமல் பலமுறை எனக்கே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பட்டறையிலும் எரிச்சல் இருக்கும் தம்பி. திட்டுவார்கள், கையில் கம்பி கிழிக்கும், கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்ச முடியாத ஆத்திரத்தில் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் ஆள் உன்மேல் பாய்வான். போன் பண்ணு. குறை சொல்லு. எவ்வளவு ஜாஸ்தியாக வேண்டுமானாலும் சொல்லு. இந்தத் தடவை நான் பிரசங்கம் பண்ண மாட்டேன். எதையாவது விடவேண்டும் என்று உனக்கே தோன்றினால் விடு, அந்தப் புடவைக்காரி மாதிரி தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டு விடு. வேறு யாராவது உன்னிடம் ஆசையை விடச் சொன்னால், அவர் எங்கே உட்கார்ந்துகொண்டு சொல்கிறார் என்று முதலில் பார். சொல்கிறவள் நானாக இருந்தாலும் பார். மாத்திரையை நடுவில் நிறுத்தாதே. டாக்டரம்மா வரச்சொன்ன நாளில் லீவு கேட்டு வா, கேட்கக் கூச்சப்படாதே.

இனி, நேற்று நீ கத்தியதை எழுதிவிடுகிறேன். பஸ் கிளம்பிவிட்டது, கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார், நீ தலையை நீட்டி, "எம்மா! கெணத்து மேட்டுப் பலா, ஆனி மாசம் பழுக்கறப்போ மொதப் பழம் எனக்கு! ஒருத்தருக்கும் குடுக்காத! அப்பாவுக்குக்கூட!" என்றாய். பூக்கடைக்காரி திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, ஒம்புள்ள இப்பிடிப் பேராசக்காரனா இருக்கறான்?" என்றாள். "ஆமாம்மா, அப்பிடித்தான்" என்றேன். மழைக்காலமே இன்னும் முடியவில்லை, மரத்தில் பிஞ்சுகூட வைக்கவில்லை. ஆனி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது! அவ்வளவு தூரத்துக்கு நீ இப்போதே துண்டு போட்டு வைத்துவிட்டாய்.

மாடியில் இப்போது கஸ்டமர் யாரும் இல்லை. உட்கார்ந்துகொண்டுதான் எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு போன் போட்டு, அந்தப் பழத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். "மரம் வெச்சது நானு" என்கிறார். கோபப்படட்டும்.

உன் அம்மா